தப்பியதாகச் சொன்ன குண்டு

கரடி வேட்டைக்குப் போன முதல் நாள், கார்லண்ட் முகத்தை மழமழவென்று மழித்து, கன்னத்தில் வாசனைத் தண்ணீரும் தடவிக்கொண்டு போனான். கல்யாணத்துக்குக் கிளம்பியவன் வழி தவறி மலைக்கு வந்துவிட்டான் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். கூட்டத்தின் தலைவர் ஹோபார்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஓடையில் முகத்தைக் கழுவி வரச் சொல்லி அனுப்பினார். டிசம்பர் மாத ஓடைத் தண்ணீர். திரும்பி வந்தவனுக்குப் பல் கிட்டித்துப் பேச்சே வரவில்லை.

இரண்டாம் நாள் புதுக் கால்சட்டை. நடக்க நடக்கத் தொடைக்குத் தொடை உரசி அது போட்ட சத்தம் கால் மைல் தூரத்துக்குக் கேட்டது. மூன்றாம் நாள், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் சிறுநீர் கழிக்கப் போய், அதே இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல், மத்தியானம் வரை முகட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். இதற்கெல்லாம் அந்த மலையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் எல்லாத் தொழிலிலும் உண்டு. சமவெளியில் துணி மில்லில் இருபது வருஷம் தறிச் சத்தத்தோடு வாழ்ந்தவனுக்குக் கரடியின் காது எவ்வளவு கூர்மை என்று எப்படித் தெரியும்?

மில்லை மூடியதும்தான் அவன் மனைவி ஆர்டித்தின் ஊருக்கு வந்து சேர்ந்தான். வடக்குக் கரோலினாவின் மேற்கு மூலையில் அந்த மலையூர். மரம் அறுக்கிற பட்டறையில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்தது, ஆனால் ஊர் கிடைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க அங்கே ஆண்களுக்குப் பேச்சென்றால் நாய்களைப் பற்றிய பேச்சு. கடையில் அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நாய் எந்த முகட்டில் எந்தக் கரடியை மரமேற்றியது என்று பத்து வருஷத்துக் கதையை நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். கார்லண்ட் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்பான். நாலு வருஷம் நின்றான். ஐந்தாம் வருஷம் ஆர்டித்தின் அண்ணன் வெர்லின்தான் ஹோபார்ட்டிடம் பேசி, மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். ஹோபார்ட் அவர்களுக்குச் சித்தப்பா முறை. பேச்சு குறைவு, அதனால் அவர் சொன்னது சட்டம்.

அவர்களுடைய வேட்டைக் குடிலின் உட்சுவரில் வரிசையாகத் துணித்துண்டுகள் ஆணியடித்திருக்கும். கட்டம் போட்டது, கோடு போட்டது, சாயம் போனது என்று நாற்பது ஐம்பது இருக்கும். குறி தப்பவிட்டவனின் சட்டைப் பின்பக்க வாலைக் கத்தியால் அறுத்து, பேரும் வருஷமும் எழுதி மாட்டுவது அங்கே வழக்கம். வெர்லினுக்கு இரண்டு துண்டு. ஹோபார்ட்டுக்கே ஒன்று உண்டு. அதில் வருஷம் மங்கிப் போயிருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபோது கார்லண்டுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. தோற்றவர்களின் சுவர் அது என்று அவனுக்குப் படவில்லை. ஊர்க்காரர்களின் சுவர் என்று பட்டது.

தப்பவிடுவது சிரிப்பு. காயப்படுத்திவிட்டு விடுவது வேறு. சுட்டவன் எவனோ அவன்தான் முன்னால் நடக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள், ஒரு நாளானாலும் மூன்று நாளானாலும் கரடியைக் கண்டுபிடித்து முடிக்கும்வரை வீடு கிடையாது. ஒரு காலத்தில் ஒருவன் அப்படி விட்டுவிட்டு வந்து மறைத்திருக்கிறான். இன்றைக்கும் அவன் கடைக்கு வந்தால் நாற்காலியை நகர்த்திக் கொடுக்க ஆளில்லை. இதை வெர்லின் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தான். பின்னால் தெரியாது என்று சொல்ல கார்லண்டுக்கு வழியே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவனை இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு கணவாயில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் நாய்களோடு எதிர் மலைக்குப் போய்விட்டார்கள். நாய்ச்சத்தம் தூரத்தில் தேய்ந்து மறைந்தது. எதுவும் இந்தப் பக்கம் வராது என்று முடிவு செய்து, ஆர்டித் கட்டிக்கொடுத்த பிஸ்கட்டை எடுத்தான். அங்கே பிஸ்கட் என்றால் மெத்தென்ற குட்டி ரொட்டி; நடுவில் பன்றி இறைச்சி வைத்தது, இன்னும் லேசாகச் சூடு இருந்தது. இரண்டாவது கடியில் கரடி வந்தது.

நாய் துரத்தி வந்த கரடி இல்லை அது. தன் பாட்டுக்கு, சத்தமே இல்லாமல், ஏதோ ஞாபகத்தில் நடப்பதுபோல நடந்து வந்தது. காத்திருந்திருந்தால் இன்னும் பத்தடியில் பக்கவாட்டில் முழுசாகத் திரும்பியிருக்கும். கார்லண்ட் காத்திருக்கவில்லை. வாயில் பிஸ்கட்டோடு துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். வயிற்றில் குத்து வாங்கிய மனிதனைப் போல அது முதுகை வளைத்து ஒரு முனகு முனகிவிட்டு, கணவாயின் இடப்பக்கம் லாரல் புதருக்குள் நுழைந்துவிட்டது.

லாரல் என்றால் ஏதோ தோட்டத்துச் செடி என்று நினைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கிளையும் கிளையும் பின்னி, பகலிலும் உள்ளே வெளிச்சம் போகாத புதர்க்காடு. கரடி போகும் சுரங்கம் மட்டும் முழங்கால் உயரத்தில் இருக்கும். மனிதன் தவழ்ந்துதான் போகவேண்டும். ஊரார் அதற்கு வைத்திருக்கிற பெயர் நரகம். அந்த நரகத்தின் வாசலில் கார்லண்ட் போய்ப் பார்த்தான். இலைகளில் ரத்தம் இருந்தது. கறுத்த ரத்தம், கூடவே பச்சையாக ஏதோ பிசுக்கு, குடலைப் பிடுங்கும் நாற்றம். குனிந்து அந்த இருட்டுத் துவாரத்துக்குள் பார்த்தான். முன்னால் போகவேண்டியவன் தான் என்பது நினைவுக்கு வந்தது. கால் நகரவில்லை. பயந்துவிட்டான், அவ்வளவுதான்.

வெடிச்சத்தம் கேட்டு ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் வந்தார்கள். வெர்லின் மூச்சிரைக்க முன்னால் வந்து, "பட்டுச்சா மாப்ளே?" என்று கேட்டான்.

"இல்ல மச்சான். தப்பிருச்சு."

வாய் தவறி வந்த பொய் அது. வாயோடு விட்டிருக்கலாம். கையையும் அதற்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். கரடி எந்தப் பக்கம் போனது என்று கேட்டதற்கு, கணவாயின் வலப்பக்கத்தைக் காட்டினான். வெர்லின் அவன் சொன்னதை நம்பினான் என்றாலும் வேலையில் ஒழுங்குள்ளவன். வலப்பக்கச் சரிவில் மண்டியிட்டு, இலை இலையாகப் புரட்டி, அரைமணி நேரம் தேடினான். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. எப்படி இருக்கும்? அதற்குள் தூறல் போட ஆரம்பித்து, இடப்பக்கத்தில் இருந்ததையும் கழுவிவிட்டது.

அப்புறம் குடிலில் நடந்ததுதான் கொடுமை. அவனைக் குப்புறப் பிடித்து, வெர்லினே சட்டை வாலை அறுத்தான். நீலக் கட்டம் போட்ட துண்டு. ஹோபார்ட் பேரை எழுதினார். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது கரடி வந்த கதையை நாலு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நாலாம் முறை கார்லண்டே நடித்துக் காட்டினான். அந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் மனதார சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

வீட்டில் ஆர்டித் அறுந்த சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவளிடம் மறைக்க அவனால் முடிந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் கரடி வேட்டைக்காரர் வீட்டில் பிறந்தவள். கேள்வி கேட்கத் தெரிந்தவள். ரத்தம் என்ன நிறம் என்று கேட்டாள். நாற்றம் இருந்ததா என்று கேட்டாள். பச்சையாக ஏதாவது என்று கேட்டு, அவன் தலையாட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொடல்ல பட்டிருக்கு. ஒடனே சாகாது, தூரமும் ஓடாது. ரெண்டு நாளோ மூணு நாளோ உள்ளயே படுத்துக் கெடக்கும். எவன் வந்தாலும் அவன் மேலதான் தீத்துக்கும்."

எழுந்து போய்த் தொலைபேசியில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நான் சொன்னா, பொண்டாட்டி காட்டிக்குடுத்த ஆளுன்னு காலம் பூரா நிப்பே. நீயே சொல்லு. நாளைக்கு வேட்டை கெடையாது, சர்ச்சுக்கு வெர்லின் வருவான். அங்கயே சொல்லிரு. திட்டுவான், வாங்கிக்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாநிலத்தில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகச் சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் போதகர் விடமாட்டார். முழுசாக ஒரு நாள் அவனுக்குக் கிடைத்தது. கடவுள் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் பிரார்த்தனை முடிந்து வாசலில் நின்றபோது, போதகர் கையைக் குலுக்கிவிட்டு அவன் சட்டையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார், வால் இருக்கிறதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். வெர்லின் தோளில் கைபோட்டு, "எங்க மாப்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, அவனுக்குப் பசி" என்றான். எங்க மாப்ளை. ஊர் நடுவில் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, கார்லண்டும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். வழியில் ஆர்டித் கேட்டாள். கூட்டமாக இருந்தது, நாளைக்குக் காலையில் கிளம்புவதற்கு முன்னால் சொல்கிறேன் என்றான். அவள் நம்பினாளா, நம்பிக்கொள்ள விரும்பினாளா, அவளுக்கே வெளிச்சம்.

திங்கட்கிழமை பொழுது விடியும்போது வெர்லின் பிக்கப்பில் நாய்க்கூண்டோடு வந்து நின்றான். முகமெல்லாம் மலர்ச்சி. எதிர் மலை வேண்டாம், அந்தக் கணவாய்க்கே போகலாம் என்று ஹோபார்ட்டிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

"ஒன்னோட கரடி அங்கதான் எங்கயாச்சும் கெடக்கும். இன்னிக்கு நாய விட்டு எழுப்பி, ஒன் முன்னால கொண்டாந்து நிறுத்தறேன். நீதான் சுடறே."

"அந்தப் பக்கம் வேணாம் மச்சான்."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லியிருந்தால் போதும். கூண்டில் நாய்கள் தவித்துக்கொண்டிருந்தன. வெர்லினின் மூத்த பெண்நாய் ரூபி கம்பியில் மூக்கை வைத்து அவனையே பார்த்தது. சும்மாதான் சொன்னேன், வேறு பக்கம் போகலாமே என்று கார்லண்ட் இழுத்தான். தப்பவிட்ட இடத்துக்கு மறுபடி போக வெட்கம் என்று வெர்லின் எடுத்துக்கொண்டு, முதுகில் ஓங்கித் தட்டி வண்டியில் ஏற்றினான். தங்கை புருஷன் மேல் வைத்த பாசத்தில்தான் அவன் அந்த மலைக்குப் போனான். இதைப் பிற்பாடு யார் மறந்தாலும் கார்லண்டால் மறக்க முடியவில்லை.

நாய்களை அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிஷம் ஆகவில்லை, குரல் எழும்பியது. இடப்பக்கம். புதருக்குள். எழும்பிய இடத்திலேயே நின்றது. ஹோபார்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆரோக்கியமான கரடி நாயைக் கண்டால் ஓடும், ஓடிக் களைத்தால் மரமேறும். இது இரண்டும் செய்யவில்லை. "நகரலையே" என்றார். தின்று கொழுத்தது, சோம்பேறி என்றான் வெர்லின். அப்போது நாய் ஒன்று வீறிட்டது. ரூபியின் குரல்.

வெர்லின் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, துப்பாக்கியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் தவழ்ந்து போனான். அசட்டுத் துணிச்சல் இல்லை அது. அப்படி எத்தனையோ முறை போனவன். காயமில்லாத கரடிக்கு மனித வாடை பட்டால் போதும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும், நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். காயம்பட்ட கரடி என்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவனும் உள்ளே போகமாட்டான். நாய்களைக் கூப்பிட்டு வெளியே எடுத்துவிட்டு, கோடரியால் வழி வெட்டி, இரண்டு துப்பாக்கி பக்கத்துப் பக்கம் வைத்துத்தான் நெருங்குவார்கள். எந்த வகைக் கரடி உள்ளே கிடக்கிறது என்று அந்த மலையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

வெர்லினின் பூட்ஸ் இரண்டும் இருட்டுக்குள் மறையும்வரை நின்றுகொண்டிருந்தான். அப்புறம்தான் வாய் திறந்தது. மண்டியிட்டு, துவாரத்துக்குள் தலையை விட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"மச்சான், உள்ள போகாத. அது அடிபட்டது. நான் சுட்டது."

நாய்ச்சத்தத்தில் வெர்லினுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தவழ்ந்துகொண்டிருந்தவன் நின்று, தலையைத் தோளுக்கு மேல் திருப்பி, "என்ன?" என்றான்.

கரடி அப்போதுதான் வந்தது. வெர்லின் முன்னால் பார்த்துக்கொண்டு போயிருந்தால் துப்பாக்கியைத் தூக்கவாவது நேரம் இருந்திருக்கும். மூன்று நாளாக வரவேண்டிய உண்மை, வரக்கூடாத அந்த ஒரு நொடியில் வந்து அவன் முகத்தைத் திருப்பியது.

ஹோபார்ட் அறுபது வயதில் எப்படி அவ்வளவு வேகமாகத் தவழ்ந்து போனார் என்று யாருக்கும் தெரியாது. கைத்துப்பாக்கியைக் கரடியின் காதில் வைத்துச் சுட்டார். வெர்லினை வெளியே இழுத்தபோது இடக்கண் இருந்த இடத்தில் கண் இல்லை. தலைத்தோல் பாதி கழன்று தொங்கியது. இடக்கையில் இரண்டு விரல் போயிருந்தது. நாலு பேர் கோட்டுகளைக் கழிகளில் கட்டி, அதில் அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இறங்கினார்கள். கார்லண்ட் முன்பக்கக் கழியைப் பிடித்திருந்தான். பிடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ரூபியை அடுத்த நாள் அங்கேயே புதைத்தார்கள்.

கரடியை உரிக்கும்போது கார்லண்டும் ஹோபார்ட்டின் கொட்டகையில் இருந்தான். போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம். அதற்கும் தைரியம் வேண்டும். வயிற்றைக் கிழித்ததும் நாற்றம் எல்லோரையும் பின்னால் தள்ளியது. மூன்று நாள் அழுகிய குடல், அதன் நடுவே பழைய குண்டு வழி. யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பான், அடித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பான். ஒருவர் மட்டும் போய்க் கொட்டகைக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவைத்தார்.

கரடியின் முதல் ரத்தம் யார் குண்டில் வந்ததோ தோல் அவனுக்கு. அந்தக் கூட்டத்தில் இறைச்சியைத்தான் சமமாகப் பிரிப்பார்கள், தோலைப் பிரிப்பதில்லை. யார் கடைசியில் கொன்றாலும் அந்த விதி மாறாது. சாயங்காலம் ஹோபார்ட் தோலை உப்புப் போட்டுச் சுருட்டி, சாக்கில் கட்டி, கார்லண்டின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒன்னோடது" என்றார். அதற்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை.

ஆர்டித்தும் பேசவில்லை. சோளரொட்டி செய்தாள், பீன்ஸ் வேகவைத்தாள், தட்டை அவன் முன்னால் வைத்தாள். படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் அவன் மேல் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தொலைபேசியைக் கடக்கும்போதெல்லாம் அவள் கண் அதன்மேல் போய்வந்தது. கூடப்பிறந்தவனின் கண்ணைவிடக் கட்டியவனின் மானத்தைப் பெரிதாக நினைத்துவிட்டாள். அதை அவளிடம் யாரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், வெர்லின் கார்லண்டைப் பார்க்கவேண்டும் என்கிறான் என்று. ஆர்டித் காலையிலேயே யாருடைய வண்டியிலோ அங்கே போய்விட்டிருந்தாள். இவன் போய்ச் சேர்ந்தபோது அவள் கீழே முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ மட்டும் போய்வா, நான் வண்டியில் இருக்கிறேன் என்றாள்.

வெர்லினின் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தது. கார்லண்ட் மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் படி ஏறும்போதே போய்விட்டன. நின்றான். வெர்லின் அவனை உட்காரச் சொல்லவில்லை. ரூபியைப் பற்றிக் கேட்டான், எங்கே புதைத்தீர்கள் என்று. சொன்னான். கொஞ்ச நேரம் அந்த ஒற்றைக் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயந்துட்டே. அது பரவால்ல. பயப்படாதவன் எவன்? ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும் மாப்ளே. ஆர்டித்துக்குத் தெரியுமா?"

கெடுத்ததெல்லாம் கெடுத்தாயிற்று. அவளுக்கு அண்ணனையாவது மிச்சம் வைக்கலாம். வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கென்று இல்லாமல், கார்லண்ட் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"தெரியாது மச்சான். நான் யாருகிட்டயும் சொல்லல. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

வெர்லின் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கி, கட்டிலோரத்து நாற்காலியைக் காட்டினான்.

"காலையில அதுலதான் ஒக்காந்திருந்தா. சனிக்கெழமயே தெரியும்னு சொல்லி அழுதா. போன்ல கை வச்சுட்டு எடுத்தத வரைக்கும் சொன்னா." கண்ணை மூடிக்கொண்டான். "அவ மேல எனக்கு வருத்தம் இல்ல. நீ போ. இங்க நின்னுக்கிட்டும் நீ பொய்தான் சொல்றே."

அவளுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல கார்லண்ட் வாயெடுத்தான். சொன்னால் யார் நம்புவது? நர்ஸ் வந்து, நோயாளிக்குக் களைப்பு என்று வெளியே அனுப்பிவிட்டாள்.

வண்டியில் ஆர்டித் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் கேட்டாள்.

"என்னப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னே?"

அவள் முகத்தைப் பார்த்தான். அழுது வீங்கிய முகம். அதில் இத்தனை நாளில் இல்லாத ஒன்று, ஒரு சின்ன எதிர்பார்ப்பு, அவன் பதிலுக்காகக் காத்திருந்தது.

"உண்மையச் சொன்னேன்" என்றான்.

ஆர்டித் நீளமாக மூச்சு விட்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு கையை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கைமேல் வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை. வாசலில் இறங்கும்போது, காலையில் அண்ணனுக்கு சூப் கொண்டுபோக வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம் என்றாள்.